பழியை மழைமேல் போடாதீர்!

மலை சரிந்து, அதன் அடியில் உறங்கிய ஏழைகளை மூடிவிட்டால், மறுநாள் காலைப் பத்திரிகையில் ஒரே சொல்தான் வரும்: இயற்கையின் சீற்றம். மந்திரி அதையே சொல்வார். நிருவாகம் அதையே சொல்லும். கோயில் பூசாரியும், கடையில் தேநீர் ஆற்றுகிறவரும்கூட அதையே சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். "விதி யாரை விட்டது?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடித்துக்கொள்ள நாம் தயாராக இல்லை. மலை சரிந்தால் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். மலை ஏன் சரிந்தது? அது சரிந்தபோது அதன் கீழே அந்த மனிதர்கள் ஏன் இருந்தார்கள்? முதற் கேள்விக்கு மண்ணும் நீரும் பதில் சொல்லும். இரண்டாம் கேள்விக்கு மனிதன்தான் பதில் சொல்லவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டுக்கும் மழையே பொறுப்பு என்று கணக்கை மூடுகிறார்களே, அந்தக் கணக்கைத்தான் நாம் திறந்து பார்க்கவேண்டும் என்கிறோம்.

தோட்டத் தொழிலாளருக்கு இதில் தனி அக்கறை உண்டு. இலங்கையில் மீரியபெத்தை, கேரளத்தில் பெட்டிமுடி, அதே கேரளத்தில் முண்டக்கை. பத்தாண்டுக் காலத்தில் உலகையே உலுக்கிய இந்த மூன்று சரிவுகளும் தேயிலை மலைகளில் நடந்தவை. நம் மொழி பேசி, நம்மைப் போலவே லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள் அம்மண்ணுக்குள் போனார்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் மறுபடியும் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். தேயிலைக்கும் ரப்பருக்கும் இடையே கடல் இருக்கலாம். லயத்துக்கும் லயத்துக்கும் இடையே கடல் இல்லை.

மலை ஏன் சரிகிறது?

இதைப் படித்தவர்களின் இரகசியமாக விட்டுவைக்கக் கூடாது. பால்மரக் காட்டில் நடந்த கால்களுக்கு இது விளங்காத விஷயமும் அல்ல.

மேட்டில் கிடக்கும் மண்ணைக் கீழே இழுப்பது அதன் எடை. அதைப் பிடித்து நிறுத்துவது துகளுக்கும் துகளுக்கும் உள்ள உராய்வு. நாள்கணக்கில் மழை பெய்தால் நீர் துகள்களின் இடுக்கெல்லாம் நிரம்புகிறது. நிரம்பிய நீர் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தள்ளுகிறது. மண்ணின் எடை கூடுகிறது. அதன் பிடிப்பு குறைகிறது. இழுப்பது பிடிப்பதை வென்ற நொடியில் மேடு நகர்கிறது. மழைக்கு மறுநாள் மேட்டு நிரையில் ஏறும் தோழருக்கு, காலடியில் மண் நழுவும்போது நடப்பதும் இதுவேதான். அங்கே ஒரு பிடி மண். மலையில் பல இலட்சம் டன்.

நம் போன்ற வெப்ப நாடுகளில் கருங்கல் பாறை காலப்போக்கில் மக்கிச் சிவப்பு மண்ணாகிறது. பல இடங்களில் இம்மண் பத்து, இருபது மீட்டர் ஆழம்கூட உண்டு. அதற்கடியில் கெட்டிப் பாறை. மேலிருந்து இறங்கும் நீர் பாறைக்குள் எளிதில் போகாமல், தட்டில் தேங்குவதுபோல் அதன்மேல் தேங்குகிறது. பல பெரிய சரிவுகள் இந்த எல்லையில்தான் பிறக்கின்றன. பிறந்த சரிவு ஓடை வழியில் விழுந்துவிட்டால், பாறையும் மரமும் சேறும் கலந்து, குழைத்த சிமெண்டுபோல் பாய்ந்து வரும். ஓடித் தப்ப மனிதக் கால்களால் ஆகாது.

இதுவரை சொன்னது மண்ணும் நீரும் செய்யும் வேலை. மனிதன் செய்யும் வேலையும் உண்டு. பாதைக்காகவும் வீட்டுக்காகவும் மேட்டின் அடியை வெட்டுகிறான். தாங்கி நின்ற கால் போய்விடுகிறது. வெட்டிய மண்ணை மேட்டின் தலையில் கொட்டுகிறான், சுமை ஏறுகிறது. ஓடையைத் திருப்புகிறான், வடிகாலை அடைக்கிறான். வெளியே போகவேண்டிய நீர் மண்ணுக்குள் போகிறது. காட்டை வெட்டுகிறான்; வெட்டிய மரத்தின் வேர் உடனே விட்டுவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மண்ணுக்குள்ளேயே மக்கி, பிடியை விடுகிறது. அதற்குள் மரம் வெட்டியவன் பணத்தோடு போய்விடுகிறான். மேடு சரியும்போது அவன் பெயர் யார் நினைவிலும் இருப்பதில்லை.

ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது வெள்ளைத் துரைமார்களின் சட்டம். நம் பாட்டனும் பாட்டியும் முதுகு ஒடியப் புல் வெட்டினார்கள். மண் மொட்டையானது. மேல்மண்ணை மழை அரித்து ஆற்றில் சேர்த்தது, ஆறுகள் மண்மூடின. பிறகுதான் அறிவு வந்தது. மேடுகளில் படி வெட்டினார்கள், மண் பிடிக்கக் குழி தோண்டினார்கள், நிலத்தைப் போர்த்தும் அவரையினக் கொடிகளை வளர்த்தார்கள். தவறான கட்டளை மேலிருந்து வந்தது. உழைப்பு கீழிருந்து போனது. நட்டம் நிலத்தின் தலையில் விழுந்தது.

எதிர்க்கட்சியின் நியாயம்

நேர்மையாக வாதாட வேண்டுமானால், எதிரே இருப்பவர்களின் பலமான வாதத்தையும் சொல்லவேண்டும். "எல்லாச் சரிவையும் தோட்டக்காரன் தலையில் கட்டாதீர்கள். பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது தேயிலையில் அல்ல, அதற்கு மேலே உள்ள புல்மலையில். முண்டக்கைச் சரிவும் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், காடு மூடிய இடத்தில்தான் தொடங்கியது. யாரும் தொடாத மலையும் சரியும்" என்பார்கள்.

உண்மைதான்; மறுக்கவில்லை. செங்குத்தான மலையில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை கொட்டினால், காடும் காவல் நிற்க முடியாமல் போகலாம். வேர் பிடிப்பது மேலே உள்ள சில அடி மண்ணை. ஆழத்தில் பிறக்கும் சரிவு வேருக்குக் கட்டுப்படாது. உலகம் சூடேறியதால் வயநாட்டில் அந்த மழையின் கனம் சுமார் 10 விழுக்காடு கூடியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் 2024லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

ஆனால் இந்த வாதம் முதற் கேள்விக்குத்தான் பதில். மேலே இருந்த புல்மலை இயற்கை. கீழே இருந்த லயமும் இயற்கையா? அது காளான்போல் தானாக முளைத்ததா? ஒருவர் வரைபடம் போட்டார். ஒருவர் இடம் காட்டினார். ஒருவர் கையெழுத்துப் போட்டார். மலை எங்கே சரியும் என்பது மண்ணின் கணக்கு. அதன் கீழே யார் படுப்பது என்பது நிருவாகம் போட்ட கணக்கு.

பெட்டிமுடி

மூணாற்றுக்கு அப்பால், இராஜமலைப் பக்கத்தில் உள்ள இடம் பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி இரவு, பத்தரை மணிக்குமேல், மலை இறங்கி வந்தது. நான்கு லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னே மலையேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பலருடைய வேர் கயத்தாற்றுப் பக்கம். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

அன்றிரவு மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. அலறிய குரல் மலையைத் தாண்டவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி போயிற்று. ஒரு நாட்டின் தேநீர்க் கோப்பைக்குத் தினமும் கொழுந்து போய்ச் சேரும் பாதையில், அதைக் கிள்ளியவர்களின் அபயக் குரல் போய்ச் சேர ஒரு முழு இரவு ஆனது.

அடுத்த நாள், ஆகஸ்டு 7ந் தேதி, அதே கேரளத்தில் கோழிக்கோடு விமான நிலையத்தில் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அதில் மாண்டவர்களுக்காகவும் நாம் துக்கப்படுகிறோம். அவர்களிலும் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் மாநில அரசு முதலில் அறிவித்த தொகையைப் பாருங்கள். விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய். லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய். எதிர்ப்புக் கிளம்பியதும், மலைமக்களுக்கு வேறு உதவிகளும் பின்னால் வரும், இது முதற் கட்டம்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. பிழைத்த குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடும் கட்டிக் கொடுத்தார்கள். அதை மறைக்கவில்லை. ஆனாலும் முதல் அறிவிப்பு முதல் அறிவிப்புதான். யோசிக்காமல் சொன்ன சொல்லில்தானே ஒருவன் மனத்தில் இருப்பது வெளிவருகிறது!

இப்போது இடத்தைப் பாருங்கள். தோட்டங்களில் துரை பங்களா எங்கே இருக்கும்? காற்றும் காட்சியும் உள்ள மேட்டின் முகட்டில். லயம் எங்கே இருக்கும்? பள்ளத்தில், ஓடைக்கரையில், பயிருக்கு ஆகாத மூலையில். தண்ணீர் கிட்டே இருக்கிறது, பெரட்டுக் களம் கிட்டே இருக்கிறது, நல்ல நிலம் வீணாகவில்லை என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கும் இந்த அமைப்பு புதிதல்ல. நம்மிடம் மேடு சிறியது, ஆகவே வந்தது பெரும்பாலும் வெள்ளம். தேயிலை நாட்டில் மேடு பெரியது, ஆகவே வந்தது மலை. இரண்டு இடத்திலும் லயம் போட்டவனின் புத்தி ஒன்றுதான்.

சொல்லியும் கேட்கவில்லை

"யாருக்குத் தெரியும் சரியும் என்று?" என்று கேட்பார்கள். தெரியும் ஐயா, தெரியும்!

இலங்கையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ந் தேதி காலையில் மலை வந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலையில் சிலர் நின்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, அங்குள்ளவர்களை அப்புறப்படுத்துங்கள் என்று அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மலை சரிந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்! ஒன்பது ஆண்டில் ஒரு தேயிலைத் தளிரை நட்டுக் கொழுந்து எடுத்துவிடலாம். ஒரு லயத்தை மாற்றிக் கட்ட முடியவில்லையாம்.

"சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று அதிகாரிகள் சொன்னார்கள். எங்கே போவது? நிலம் கொடுத்தீர்களா, வீடு கொடுத்தீர்களா? லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை இருக்கும்வரை கூரை. வேலை போனால் தெரு. அந்த வீட்டை விட்டு வெளியேறு என்றால் தொழிலாளியின் காதில் பிழைப்பை விட்டு வெளியேறு என்றுதான் விழும். கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நீந்தவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

வயநாட்டைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை 30ந் தேதி, நள்ளிரவுக்குப் பின்னர், முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை மலை அடித்துக்கொண்டு போயிற்று. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. பலருடைய உடல்கள் மலைக்கு அப்பால், சாலியாற்றில் மிதந்து, நிலம்பூர்ப் பக்கத்தில் கிடைத்தன. அதே மேப்பாடி வட்டாரத்தில் 2019 ஆகஸ்டு 8ந் தேதி புத்துமலையில் மலை சரிந்து 17 பேர் பலியாகி ஐந்தாண்டு ஆகியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெங்கே கைவைக்கக் கூடாது என்று மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு 2011ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. வைத்திரி வட்டத்தை அக்குழு மிகக் கடுமையான பாதுகாப்பு வேண்டிய பகுதியில் சேர்த்திருந்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. சரிவுக்கு முந்திய நாளே, கல்பெட்டாவில் உள்ள ஹியூம் மையம் தன் மழைமானிகளின் கணக்கைப் பார்த்து, மண் சரியலாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டது. சாதாரண மழைமானி! அதைப் படித்தவர்கள் ஊர்க்காரர்கள்! அவர்களால் முடிந்தது, கோடிகோடியாய்ப் பணம் வைத்திருப்பவர்களால் முடியாதா?

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதை

இது ஏழை நாடுகளின் தலையெழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். முன்னேறிய நாடுகளிலும் இலாபக் கணக்குக்கும் அதிகார மமதைக்கும் மலை பலி வாங்கியிருக்கிறது.

இத்தாலி நாட்டில் வயோந்த் என்ற பள்ளத்தாக்கில் பெரிய அணை கட்டி நீர் நிரப்பினார்கள். தேங்கிய நீர் தோக் மலையின் அடிவாரத்தை ஊற வைத்தது. 1960ஆம் ஆண்டிலேயே ஒரு துண்டு சரிந்தது. மலையில் நீண்ட வெடிப்பு விழுந்தது. மலை நகரும் வேகத்தைப் பொறியாளர்கள் அளந்து அளந்து எழுதி வைத்தார்கள். நீர் ஏற்றுவதை மட்டும் கைவிடவில்லை. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 9ந் தேதி இரவு ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர் மலை ஏரிக்குள் இறங்கியது. எழும்பிய அலை அணையைத் தாண்டி லோங்கரோனே நகரைத் துடைத்தெறிந்தது. மாண்டவர் சுமார் 2,000 பேர். அணை இன்றும் நிற்கிறது! ஊர்தான் இல்லாமற் போயிற்று.

மூன்றாண்டு கழித்து, 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ந் தேதி காலை, வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊர். நிலக்கரிச் சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில், நீரூற்றின் மீதே, மலைமலையாய்க் குவித்து வைத்திருந்தார்கள். அது குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். முதலாளி யார்? அரசாங்கமே நடத்திய தேசிய நிலக்கரி வாரியம். ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்று வாரியத்தின் தலைவர் முதலில் சொன்னார். ஊராருக்குத் தெரியும், வரைபடத்திலும் இருந்தது. விசாரணை மன்றம் வாரியமே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அதைவிடக் கொடுமை, எஞ்சிய கழிவுக் குவியலை அகற்ற, உலகமெங்கும் இருந்து மக்கள் அனுப்பிய துயர்நிதியிலிருந்தே 1968ல் ஒன்றரை இலட்சம் பவுன் எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க 1997ஆம் ஆண்டு வரை ஆயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவன் உண்டியலிலேயே கைவைத்த கதை இது!

நம் வாசலில்

நம் நாடும் தப்பவில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ந் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்டு டவர்ஸ் மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பின்னால் இருந்த குன்றில் நீர் தன் வழி மாறி இறங்கியதும், மண்சுவர்கள் தாங்காமற் போனதும் விசாரணையில் வெளிவந்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில், 2006ஆம் ஆண்டில், ஊராட்சி மன்றத்தை ஒரு சட்டப் பிரிவு காப்பாற்றியது. வக்கீல் வைக்கும் வசதி படைத்தவர்களுக்கே இந்த நியாயம் என்றால், லயத்துக்காரனுக்கு எத்தனை அவுன்சு கிடைக்கும்?

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ந் தேதி, கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் சேற்று வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு வந்து, 44 பூர்வகுடி மக்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி பத்தாங்காலியில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த 31 பேர், பிள்ளைகள் உட்பட, மாண்டனர். கூடார முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமம் இல்லை. நாள்பட்ட மழையே முதற்காரணம் என்று பிறகு அறிக்கை வந்தது. மழை, மழை, மழை! உரிமம் இல்லாத இடத்தில் ஆள் தங்கியதற்கும் மழையா காரணம்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மலைநிலத்தைக் காப்பதற்கென்றே 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மலைநிலம் எது என்று மாநில அரசு அறிவிக்கவேண்டும். அறிவித்தால்தான் சட்டம் வேலை செய்யும். அறிவிக்காத மலை அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தோட்ட வீடுகளின் குறைந்தபட்ச வசதிக்கும் 1990ஆம் ஆண்டு முதல் சட்டம் உண்டு. இரண்டு சட்டமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கட்சி. ஒன்று மேட்டைப் பார்க்கிறது; மற்றது வீட்டைப் பார்க்கிறது. மேட்டின் கீழே இருக்கும் வீட்டை யார் பார்ப்பது?

முடியாதென்று சொல்லாதீர்

"மலையை யார் தடுக்க முடியும்?" என்பவர்களுக்கு ஹாங்காங்கைக் காட்டுகிறோம். 1972ஆம் ஆண்டு ஜூன் 18ந் தேதி ஒரே நாளில் அங்கே இரண்டு இடங்களில் மேடு சரிந்து 138 பேர் மாண்டனர். அவற்றில் ஓரிடமான சௌ மௌ பிங்கில், 1976ஆம் ஆண்டு மறுபடியும் மேடு சரிந்து 18 பேர் மாண்டனர். மக்கள் கொதித்தார்கள். 1977ஆம் ஆண்டு மேடுகளைக் கவனிக்கவென்றே தனி அலுவலகம் ஏற்பட்டது. மனிதன் வெட்டிய ஒவ்வொரு மேட்டுக்கும் எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அது பல்லாயிரக்கணக்கில் போயிற்று. வடிகால் வைத்தார்கள், ஆணி அடித்துப் பிடித்தார்கள், மழை அளவைப் பார்த்து எச்சரிக்கை விட்டார்கள். மழை குறையவில்லை, மலையும் தாழவில்லை. சாவு மட்டும் பெரிதும் குறைந்தது. அப்படியானால் முன்பு கொன்றது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும். கூலி உயர்வு கேட்டபோதும் செலவாகும் என்றார்கள். பிள்ளைப்பேற்று விடுப்பு கேட்டபோதும், ஆயாக் கொட்டகை கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். கொடுத்த பிறகு எந்தத் தோட்டமும் மூழ்கிவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. மேட்டின் அடியிலோ, ஓடையின் வாயிலோ உள்ள ஒவ்வொரு தொழிலாளர் வீட்டையும் பொறியாளர் பார்வையிட வேண்டும். ரப்பர், செம்பனை, தேயிலை என்ற பேதமும், உள்நாட்டார் வெளிநாட்டார் என்ற பேதமும் கூடாது. அங்கே உறங்குகிறவன் எந்த நாட்டு ஆளானாலும் மண் ஒரே மாதிரிதான் மூடும்.

2. பார்வையிட்ட முடிவு நிருவாகத்தின் இரும்புப் பெட்டிக்குள் போகக் கூடாது. தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில், பெரட்டில், உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

3. ஆபத்து என்று சொன்ன வீட்டிலிருந்து வெளியேறுகிறவருக்கு வேலையும் போகக்கூடாது, கூரையும் போகக்கூடாது. மாற்று வீடு முதலில், வெளியேற்றம் பிறகு.

4. மேட்டை வெட்டவோ, ஓடையைத் திருப்பவோ, காட்டை அழிக்கவோ உரிமம் கொடுக்கும்போது, கீழே குடியிருப்போரின் சம்மதத்தையும் கேட்கவேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரியின் பெயர் பலகையில் எழுதப்பட வேண்டும்.

5. சரிவு நடந்த பின்னர் நடக்கும் விசாரணையில் தொழிற்சங்கத்துக்கு இடம் வேண்டும். அறிக்கை பொதுமக்கள் கையில் வரவேண்டும்.

நம் கையில் உள்ளவை

கேட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம் கையிலும் கருவி உண்டு.

கிராணிமார்களே! தோட்ட அலுவலகத்தில் மழைமானி இருக்கிறது. தினமும் அதைப் படித்து மழைப் புத்தகத்தில் எழுதுவது உங்கள் கை. பால் எத்தனை ராத்தல் குறைந்தது என்று காட்டவே இதுநாள்வரை அந்தக் கணக்குப் பயன்பட்டது. அதே கணக்கு உயிரையும் காக்கும். ஒரு நாள் மழையை மட்டும் பார்க்காமல், ஐந்து நாள் மழையையும் ஒரு மாத மழையையும் கூட்டிப் பாருங்கள். ஊறிய மண்ணுக்குச் சிறு மழையும் போதும். வழக்கத்தை மீறித் தொகை ஏறினால், துரையிடம் சொல்வதோடு நிற்காமல் லயத்திலும் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் எழுதும் பேனா நிருவாகத்தின் பேனாவாக இருக்கலாம். விழுந்த மழை எல்லாருக்கும் பொது.

பால் வெட்டும் தோழர்களே! விடியுமுன் மேடு மேடாய் ஏறி இறங்கும் உங்கள் கண்களுக்குத் தெரிவது எந்த நிபுணனுக்கும் தெரியாது. நேற்று நேராக நின்ற மரம் இன்று சாய்ந்திருக்கிறதா? நிரையில் புது வெடிப்பு விழுந்திருக்கிறதா? தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கியிருக்கிறதா? காய்ந்த இடத்தில் நீர் கசிகிறதா? வீட்டுக் கதவு காரணமில்லாமல் இறுகுகிறதா? கொட்டும் மழையில் ஓடை திடீரென வற்றினால், மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயோதிகர்களையும் அழைத்துக்கொண்டு, ஓடை வழியே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறிப் போய்விடுங்கள். பிறகு ஒன்றும் நடக்காமற் போனால் நகைக்கிறவர்கள் நகைக்கட்டும். நகைப்பைத் தாங்கலாம், மண்ணைத் தாங்க முடியாது.

இவற்றைக் கண்டதும் தேதி போட்டு எழுதி, சங்கக் கிளையிடம் ஒரு படியும் நிருவாகத்திடம் ஒரு படியும் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த தாள் நாளைக்கு விசாரணை மன்றத்தில் பேசும். மீரியபெத்தைக்கு முன்னரும் எச்சரிக்கை இருந்தது என்று இன்று நாம் அடித்துச் சொல்ல முடிவது, அதை யாரோ எழுதி வைத்ததால்தான்.

கூலி, வேலை நேரம், மருத்துவம் என்று சங்கம் பேசாத நாள் இல்லை. இனி, எந்த மேட்டின் கீழே படுத்து உறங்குகிறோம் என்பதையும் பேரம்பேசும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பகலெல்லாம் உழைப்பை வாங்குகிறவன் இரவில் உயிருக்கும் பொறுப்பாளிதான். அவன் கொடுத்த கூரைக்கடியில்தானே நாம் படுக்கிறோம்! அடுத்த ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு ஓர் எண் கொடுங்கள். உங்கள் கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மழைக்காலம் வருமுன் தலைமையகத்துக்கு அனுப்பி வையுங்கள்.